தோலுக்கு ஒரு பெயர்

ஒரு தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பது பொச்சு. அதை ஊறப்போட்டு அடித்தால் தும்பு. உள்ளே சிரட்டை. அதற்குள்ளே இளசாக இருந்தால் வழுக்கை, முற்றினால் சொட்டு, காய்ந்தால் கொப்பரா. மரத்தின் மேலே பார்த்தால் பாளை, குரும்பை, ஓலை, ஈர்க்கு, மட்டை, பன்னாடை. நெல்லுக்கும் அப்படித்தான். உமி, தவிடு, குறுணி, பதர், வைக்கோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறோம். எதையும் வீணாக்காத கைகள் எதையும் பெயரில்லாமலும் விடுவதில்லை.

இப்போது ஒரு தோடம்பழத்தை எடுங்கள். சுளை, கொட்டை, தோல். கணக்கு முடிந்துவிட்டது. சுளையைச் சாப்பிடுகிறோம், கொட்டையைத் துப்புகிறோம், தோலை வளவுக்குள் எறிகிறோம். எறிகிற பொருளுக்குப் பெயர் எதற்கு?

பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் நம்மை விட்டு விலகுகிறார்கள். தோடம்பழம், எலுமிச்சை, தேசிக்காய் போன்ற கனிகளின் தோலில் மேலே நிறமாக, வாசமாக, ஒரு கடதாசியின் கனத்துக்கு இருக்கிறதே, அந்த மெல்லிய பகுதிக்கு மட்டும் 'ஸெஸ்ட்' என்று அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே பஞ்சு போல் வெள்ளையாக, கசப்பாக இருப்பதற்கு 'ஸிஸ்ட்' என்று இன்னொரு பெயர். ஒரே தோலில் இரண்டு பெயர்கள்.

(தமிழில் எழுதும்போது முதலெழுத்து கொஞ்சம் சறுக்கும். 'ஸம்ஸம்' என்று நாம் சொல்லும்போது நாவில் வருகிற அந்த ஓசைதான் இங்கும். நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.)

இந்தச் சொல்லின் மீது எனக்கு நாட்டம் வந்தது அகராதிப் பித்தினால் அல்ல. அதற்குக் காரணம் என்னிடம் படித்த ஒரு பையன்.

அவன் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். கணிதமும் வராது, கட்டுரையும் வராது. ஆனால் பாடசாலையில் மௌலூது, பரிசளிப்பு என்று எது நடந்தாலும் சமையல் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். உப்புக் காணாது என்பதை ருசி பார்க்காமல் மணத்தை வைத்தே சொல்லுவான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. சில வருடங்கள் மீன் வாடி, பிறகு சவூதி, பிறகு எப்படியோ பாரிஸ். இப்போது அங்கே ஓர் உணவகத்தின் குசினியில் நிற்கிறான். 'குசினி' என்று நாம் சொல்வது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவன் வேலைசெய்யும் இடத்துக்குப் பிரெஞ்சில் 'குயிஸீன்' என்று பெயர். இரண்டும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். ஆக, சொல்லளவில் அவன் அவ்வளவு தூரம் போய்விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அழைப்பு வந்தது. சுகம் விசாரித்த பிறகு கேட்டான்.

"சேர், ஒரு சொல்லுக்குத் தமிழ் வேணும்."

"என்ன சொல்லு?"

"ஸெஸ்ட் எண்டு செல்லுவாங்க. காலைல வந்தா எனக்கு அதுதான் வேல. எலுமிச்சம்பழத்தக் கழுவித் தொடச்சி, மேல உள்ள மஞ்சள மட்டும் சின்னத் துருவியால எடுக்கணும். வெள்ள பட்டிட்டா கேக் கசந்திடும், பெரிய குக் கத்துவாரு. உம்மா கேக்குறா, என்ன வேல செய்றாய் எண்டு. எலுமிச்சங்காய்த் தோல் சீவுறன் எண்டு சென்னன் சேர். அழுறா. இதுக்கா காணிய வித்து அனுப்பின எண்டு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். "தோல் எண்டு செல்லாம வேற ஒரு சொல் இரிந்தாத் தாங்க சேர்."

எத்தனையோ பேர் என்னிடம் சொல் கேட்டிருக்கிறார்கள். கல்யாணக் கார்டுக்கு, ஜனாஸா அறிவித்தலுக்கு, அரங்கத்துக்கு வைக்கும் பெயருக்கு. தாயின் கண்ணீரை நிறுத்துவதற்கு ஒரு சொல் கேட்டவன் அவன் ஒருவன்தான். பழைய அகராதிகளெல்லாம் இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அன்றிரவே தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அந்தச் சொல்லின் கதையும் என் பையனின் கதையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன.

முதலாவது வியப்பு, 'ஸெஸ்ட்' என்ற சொல் தோடம்பழத்தில் பிறக்கவில்லை என்பது. ரண்டல் கொட்கிரேவ் என்ற ஆங்கிலேயர் 1611ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சு - ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் இந்தச் சொல்லுக்கு அவர் தரும் பொருள் வால்நட் கொட்டையைப் பற்றியது. வால்நட்டை உடைத்தால் மனித மூளை போலச் சுருண்ட பருப்பு இருக்கும். அந்தப் பருப்பின் மடல்களுக்கு நடுவே மரச்சில்லுப் போலத் தடித்த ஒரு சவ்வு இருக்கும். தின்ன முடியாது, பல்லில் குத்தும், பொறுக்கி எறிய வேண்டும். அதுதான் ஸெஸ்ட். பழைய பிரெஞ்சு அகராதிகள் இந்தப் பொருளை முன்னே வைத்து, எலுமிச்சைத் தோலைப் பின்னே வைக்கின்றன.

எறிகிற பொருளின் பெயர் வசைக்கு வசதியானது. 'அது ஒரு ஸெஸ்ட் பெறாது' என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. நாம் சல்லிக்காசு பெறாது, துரும்புக்கும் பெறாது என்கிறோமே, அதேதான். 'ஸிஸ்ட்டுக்கும் ஸெஸ்ட்டுக்கும் நடுவில்' என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நல்லது என்றும் சொல்ல முடியாமல், கெட்டது என்றும் சொல்ல முடியாமல், இரண்டுங்கெட்டானாக இருப்பதை அப்படிச் சொல்வார்கள். பழைய நாளில் 'ஸெஸ்ட்!' என்பது வெறும் ஏளன ஒலியாகவும் இருந்திருக்கிறது. ஒருவன் பெருமை அடித்துக்கொண்டால் மற்றவன் உதட்டைச் சுழித்து 'ஸெஸ்ட்!' என்பான்.

ஒன்றுக்கும் உதவாத ஒரு சவ்வின் பெயர் வாசமுள்ள தோலுக்கு எப்படி ஏறியது? இதற்குப் பழத்தின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

'ஒறேஞ்ச்' என்ற பெயர் நடந்த பாதை நன்கு அறியப்பட்டது. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரன்ஜ், ஸ்பானிய மொழியில் நரன்ஹா. பிரெஞ்சுக்கு வரும்போது முன்னிருந்த 'ந' உதிர்ந்து ஒறாஞ்ஜ் ஆயிற்று. சமஸ்கிருதத்துக்கு அது ஒரு திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அந்தக் குடும்பத்தவை. எலுமிச்சையும் அப்படித்தான். அரபியின் லைமூன்தான் ஆங்கிலத்தில் லெமன், பழைய பிரெஞ்சில் லிமோன். இன்றைய பிரெஞ்சுக்காரர் எலுமிச்சையை 'சித்ரோன்' என்று அழைத்தாலும், 'லிமோனாட்' என்ற பானத்தின் பெயரில் அரபுச் சொல் தங்கிவிட்டது.

பெயரோடு மரமும் நடந்தது. பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி இதை எழுதி வைத்திருக்கிறார். ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது கி.பி. 912 அளவில், நாரன்ஜ் மரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது. பிறகு பஸராவுக்கும் இராக்குக்கும் ஷாமுக்கும் போனது. ஆனால் இந்திய மண்ணும் நீரும் காற்றும் இல்லாததால் அதற்கு அங்கே இருந்த மணமும் அழகிய நிறமும் குறைந்துவிட்டன என்றும் சொல்லுகிறார். நாடு மாறிய மரத்துக்கு என்ன நேர்ந்தது என்று வருந்தி எழுதிய அந்த மனிதரின் மீது எனக்கு ஒரு மரியாதை. அதைப் படித்தபோது பாரிஸில் நிற்கும் என் பையனை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரபிகளின் கைகளால் அந்த மரம் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தலூஸில், செவில்யா நகரத்தைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய விவசாய நூலில் இந்தக் கனிகளின் வளர்ப்பு முறை இருக்கிறது. கவனிக்க வேண்டியது, ஐரோப்பா முதலில் கண்டது இனிப்புத் தோடம்பழத்தை அல்ல. புளிப்பும் கசப்பும் கலந்த வகையை. இனிப்பு வகை அங்கே பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான். செவில்யாவின் தெருக்களில் இன்றும் நிற்பவை அந்தக் கசப்பு மரங்களே. ஆங்கிலேயர் மாமலேட் காய்ச்சுவதும் அந்தக் கனியில்தான்.

கசப்புத் தோடையின் சுளையை உரித்து வாயில் போட முடியாது. அதன் பெறுமதி பூவிலும் தோலிலும் இருந்தது. ஆகவே ஐரோப்பியக் குசினிக்குள் தோல் என்பது உரித்தெறியும் பொருளாக நுழையவில்லை. சீனிப்பாகில் போட்டார்கள், குழம்பில் போட்டார்கள், வடித்து நெய் எடுத்தார்கள். குளிர்நாட்டில் இந்த மரம் தானாகப் பிழைக்காது. பதினான்காம் லூயி மன்னன் வெர்ஸாயில் தோடை மரங்களுக்கென்றே ஒரு பெரிய மண்டபம் கட்டுவித்தான். 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டி முடித்த அந்த மண்டபத்தில், தொட்டிகளில் வளர்த்த மரங்களை மாரிகாலத்தில் உள்ளே வைத்து, கோடையில் வெளியே எடுப்பார்கள். மரத்துக்கு மாளிகை கட்டியவர்கள் தோலைக் குப்பையில் போடுவார்களா?

ஆக, கை தோலைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பொருளுக்குப் பெயர் தேவைப்பட்டது. தோடம்பழத்தில் சீவி எடுத்த மெல்லிய துண்டுக்கு வால்நட்டின் எறிசவ்வுப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் பழையதுதான், ஆனால் அதைச் சொல்லும் குரல் மாறிவிட்டது.

தோலின் உள்ளமைப்பை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டினார். மேலே நிறமுள்ள படையில் ஊசித்துளைகள் போலத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். தோலை மடித்து நசுக்கினால் அவை வெடித்து நெய் பீச்சும். சின்ன வயதில் கூட்டாளியின் கண்ணுக்குள் தோடந்தோலைப் பீச்சி அழவைக்காதவர் நம்மில் யார்? விளக்குச் சுடரில் பீச்சினால் பொறி பறக்கும். தோடம்பழ நெய்யில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள். அந்த விஞ்ஞானப் பெயருக்குள்ளும் அரபியின் லைமூன் ஒளிந்திருக்கிறது. கீழே உள்ள வெள்ளைப் படையில் நெய் இல்லை. கசப்பு இருக்கிறது. ஜாம் இறுகுவதற்குப் போடும் பெக்டினும் அதில்தான் அதிகம்.

ஆகவே ஸெஸ்ட் எடுப்பது என்பது வாசத்துக்கும் கசப்புக்கும் இடையில் உள்ள எல்லையைக் கண்டுபிடிக்கும் வேலை. அந்த எல்லை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. துருவி ஒரு தடவை அதிகம் ஓடினால் வெள்ளை வந்துவிடும். அழுத்தம் குறைந்தால் மணம் பழத்திலேயே நின்றுவிடும். மெழுகு பூசாத, மருந்து அடிக்காத பழமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் தோலே உணவாகப் போகிறது. பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளில் 'மருந்திடாத எலுமிச்சை' என்றே எழுதியிருப்பார்கள். மத்லேன் என்ற சின்னக் கேக்குக்கு அந்த மஞ்சள் துருவல்தான் பெரும்பாலும் மணம் கொடுப்பது. தென்பிரான்ஸில் இறைச்சி குழம்பாகக் கொதிக்கும்போது காய்ந்த தோடந்தோல் ஒரு துண்டைப் போடுவார்கள், நாம் ஏலமும் கறுவாவும் போடுவது போல.

இந்தச் சொல் பிறகு கடல் கடந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் இதற்குத் தரும் முதற்பொருள், வைனுக்குள் பிழிந்துவிடும் தோடம்பழத் தோல் என்பது. நமக்கு விலக்கப்பட்ட கோப்பைக்குள் முங்கிக் குளித்துத்தான் இந்தச் சொல் ஆங்கிலேயனாகியிருக்கிறது. பானத்துக்குத்தான் விலக்கு, சொல்லுக்கு இல்லை. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோலை விட்டுவிட்டு அந்தத் தோல் கொடுக்கும் ருசி என்ற பொருள் வந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மனதின் ருசியாகவும் மாறிவிட்டது. வாழ்க்கையில் ஒருவனுக்கு இருக்கும் ஆர்வம், துடிப்பு, சுவைப்பு எல்லாம் ஆங்கிலத்தில் 'ஸெஸ்ட்' ஆகின. நம் பாடசாலைகளில் ஆங்கிலத்தில் நற்சான்றிதழ் எழுதும்போது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் போடும் சொற்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த அளவுக்குப் போகவில்லை. அவர்களிடம் 'ஒரு ஸெஸ்ட் நகைச்சுவை' என்றால் ஒரு சிட்டிகை நகைச்சுவை, கொஞ்சமாகத் தூவியது. ஒரே சொல் ஒரு கரையில் சிறு அளவாகவும், மறுகரையில் பெரும் உற்சாகமாகவும் நிற்கிறது. இரண்டும் பொய்யல்ல. தூவுவது கொஞ்சம்தான், மணப்பது வீடு முழுக்க.

சரி, இந்தச் சொல்லின் தாய் தகப்பன் யார்? ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்த வோல்ற்றர் ஸ்கீட் 19ஆம் நூற்றாண்டில், 'பிளந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து லத்தீன் வழியாக வந்தது என்றார். வால்நட்டைப் பிளந்து நிற்கும் சவ்வு என்பதால் அது பொருத்தமாகவும் தோன்றும். பின்வந்த அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. வெறும் ஒலிக்குறிப்பாகப் பிறந்திருக்கலாம் என்பார் சிலர், நம் 'சட்'டென்று, 'சரக்'கென்று போல. இன்றைய பெரிய அகராதிகள் பல இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுகின்றன: மூலம் தெரியாது.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பழத்தின் பெயருக்கு நீண்ட வமிசாவழி இருக்கிறது. சமஸ்கிருதம், பாரசீகம், அரபி என்று பெரிய வீடுகளின் படலைகளைத் தாண்டி வந்தது அது. தோலின் பெயருக்குப் பாட்டன் பெயர்கூடத் தெரியாது. ஆனால் மனித உற்சாகத்தைச் சொல்ல ஆங்கில மொழி எடுத்துக்கொண்டது பழத்தின் பெயரை அல்ல, தோலின் பெயரை.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் நன்னூலின் மாணாக்கர் இலக்கணம் படித்திருக்கிறோம். பவணந்தி முனிவர் மாணவர்களைத் தரம் பிரிக்க எட்டு உவமைகள் சொல்லுகிறார். முதல் தரத்துக்கு அன்னமும் பசுவும். நடுத்தரத்துக்கு மண்ணும் கிளியும். கடைசித் தரத்துக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பிறகு நெய்யரி. நெய்யரி என்றால் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதற்காக அந்த உவமை. அன்று முதல் ஆசிரியர்களின் வாயில் பன்னாடை ஒரு வசைச்சொல். என் பையனையும் அவனுடைய வேறொரு வகுப்பில் ஓர் ஆசிரியர் அப்படித்தான் கூப்பிட்டார். மற்றப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பதர், சக்கை, கோது, உமி, பன்னாடை: எறிகிற பொருளுக்கெல்லாம் நாம் அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம் என்று தொடக்கத்தில் பெருமைப்பட்டேனே, அவ்வளவையும் பிள்ளைகளைத் திட்டுவதற்கும் வைத்திருக்கிறோம்.

ஆனால் பன்னாடை இல்லாமல் வடிக்க முடியாது. உமியில் இட்ட நெருப்பு நின்று எரியும். சிரட்டைக் கரியில்தான் பொற்கொல்லன் ஊதுவான். பெயரில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயரை எந்தக் குரலில் சொல்லுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரனும் ஒரு காலத்தில் 'ஸெஸ்ட்!' என்று உதட்டைச் சுழித்தவன்தான். பிறகு அதே சொல்லை அவன் மூக்கை விரித்துச் சொல்லப் பழகிக்கொண்டான். இடையில் நடந்தது இவ்வளவுதான்: யாரோ ஒருவர் எறியாமல் முகர்ந்து பார்த்தார்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. குர்ஆனை ஓதி அதன்படி நடக்கும் முஃமினுக்கு உவமையாக நபி (ஸல்) அவர்கள் காட்டியது உத்ருஜ்ஜா என்ற கனியை. ருசியும் நல்லது, வாசமும் நல்லது என்பது அந்த உவமையின் கருத்து. பிரெஞ்சில் 'செத்ரா' எனப்படும் அந்தக் கனியை வெட்டிப் பார்த்தால் சாறு மிகக் கொஞ்சம், பெரும்பகுதி தோல்தான். அதன் வாசம் முழுவதும் இருப்பது அந்தத் தோலில்.

ஆனாலும் பையன் கேட்ட சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மேற்றோல், மணத்தோல், நெய்த்தோல் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தோல் ஒட்டிக்கொண்டே இருந்தது. 'தோடு' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. பூவிதழ், ஓலை, காதணி, கனியின் மேலோடு என்று பல பொருள்கள் அதற்கு. அழகான சொல். ஆனால் மகன் பாரிஸில் தோடு எடுக்கிறான் என்றால் ஊரில் வேறு கதை பரவிவிடும்.

கடைசியில் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு மாலை அஸருக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனேன். உம்மா திண்ணையில் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர் தம்பி. அவன் ஏதும் சென்னானா?"

"ஒண்டுமில்ல ராத்தா. ஒரு கத்தியும் ஒரு தேசிக்காயும் தாங்க."

வேலியோரத் தேசிமரத்தில் ஆய்ந்து தந்தார். அந்தப் பச்சையை மட்டும் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு இடத்தில் வெள்ளை தெரிந்துவிட்டது. சுரண்டியதை ஒரு பிளேன்ரீயின் மேல் தூவி அவரிடம் கொடுத்தேன். முகர்ந்தார். ஒரு முறடு குடித்தார். பிறகு சுரண்டிய தேசிக்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை தெரிந்த இடத்தை விரலால் தடவினார்.

"இது பட்டா கசக்கும் என்ன?"

"ஓம் ராத்தா. இது படாம எடுக்கிறதுதான் அங்க அவன்ட வேல. எல்லாருக்கும் வராது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப எம்புள்ள தோல் உரிக்கல்ல. வாசம் எடுக்கான்."

அத்தர் காய்ச்சுகிறவனைப் பற்றிச் சொல்லும் குரல் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாயின் மனம் அங்கே நிற்கவில்லை.

"கை எரியுமே தம்பி. வெட்டுக் காயத்தில தேசிக்காய் பட்டா உசிர் போகுமே."

அகராதிகளில் இந்தப் பொருளும் இல்லை. எலுமிச்சை நெய் கைவெடிப்புகளில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்பது காலையில் பெட்டி பெட்டியாகப் பழம் துருவுகிறவனுக்குத்தான் தெரியும். அந்த எரிவையும் சேர்த்துத்தான் அவன் கேக்கில் தூவுகிறான். கேக்கைச் சாப்பிடுகிறவருக்கு மணம் மட்டும் போகிறது.

'வாசம் எடுத்தல்' என்பதை நான் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். கலைச்சொல் ஆக்குபவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஒரு பொருளின் பெயரைக் கேட்டால் ஒரு செயலின் பெயரைத் தருகிறாயே என்பார்கள். இருக்கட்டும். பிரெஞ்சுச் சொல்லுக்கும் வித்துவான்கள் யாரும் பெயர்சூட்டு விழா நடத்தவில்லை. யாரோ ஒருவர் வால்நட் உடைக்கையில் சொல்லி, யாரோ ஒருவர் தோடம்பழம் சீவுகையில் சொல்லி, வந்து சேர்ந்த சொல் அது.

சொற்களின் பிறப்பை நான் இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறேன். குசினி, அலுமாரி, சாவி, தவணை என்று எங்கிருந்து எது வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். பெரிய இடத்திலிருந்து வந்த சொல்லுக்குக் கைதட்டுவார்கள். அப்போது நான் பலகையில் 'ஸெஸ்ட்' என்று எழுதி, அதற்கு நேரே 'மூலம் தெரியாது' என்றும் எழுதுவேன். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறி, கடைசி வாங்கிலிருந்து முன்னுக்கு அனுப்பச் சொல்லுவேன். அது முன் வாங்குக்கு வந்து சேர்வதற்குள் வகுப்பு முழுக்க மணந்துவிடும்.